சூடா இருந்துச்சா

"மதுரைக்கா? உக்காரு, சொல்றேன். போய் இறங்குன உடனே கோயிலுக்கு ஓடாத. ஒரு காப்பி குடி, குளி. எல்லாரும் கிழக்கு வாசல்ல போவாங்க, நீ தெற்கு வாசல்ல போ. பொற்றாமரைக் குளத்துப் படியில செத்த நேரம் உக்காரு, மீனாட்சி எங்கிட்டும் போயிற மாட்டா. வெளிய வந்து புதுமண்டபத்துல தையக்காரங்களப் பாரு, வரிசையா உக்காந்து தச்சுக்கிட்டிருப்பாங்க. மத்தியானம் கறிதோசை. வெயில் தாழ தெப்பக்குளம். ஜிகர்தண்டா குடிச்சாக் குடி, குடிக்காட்டிப் போ. அதெல்லாம் உன் இஷ்டம். ஆனா பருத்திப்பால் மட்டும் நான் சொல்ற எடத்துல குடிக்கணும். குடிச்சிட்டு வந்து சொல்லணும்."

அந்தமானில், ஜங்லிகாட்டில் மீன் இறங்கும் துறைக்கு மேலே ஏறும் சரிவில், தகரக் கூரை வீட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்றவள் அவள். எல்லாருக்கும் மதுரையக்கா. வங்காளிகளுக்கு மதுரா தீதி. அவளுடைய சொந்தப் பெயரை அந்தச் சரிவில் யாரும் கேட்டதில்லை. நான் பின்னால் அதைத் தெரிந்துகொண்டேன், ஓர் எவர்சில்வர் டம்ளரின் மேல். இங்கே எழுத மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஒருவர் மெயின்லேண்டு போகிறார் என்றால் அது அவர் வீட்டு விஷயம் மட்டுமல்ல. டிக்கெட் எடுத்த சேதி எப்படியோ காற்றில் கலந்துவிடும். அக்கம்பக்கம் வந்து நிற்கும். ஒருவருக்கு நாட்டு மருந்து, ஒருவருக்குப் பாவாடை நாடா, ஒருவருக்குத் தங்கை வீட்டில் கொடுக்க ஒரு கருவாட்டுப் பொட்டலம். திரும்பி வந்தால் பெட்டியை வைத்த கையோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லியாக வேண்டும்: மழையா வெயிலா, யார் இளைத்தார்கள், யார் வீட்டில் ஏசி வந்துவிட்டது. சொல்லாமல் இருப்பவனைப் பற்றி நல்லபடியாக யாரும் பேச மாட்டார்கள்.

மதுரையக்கா எதையும் வாங்கி வரச் சொன்னதில்லை. மல்லிகைப்பூ கொண்டு வரட்டுமா என்றால், "மூணு நாள் கப்பல்ல வந்த மல்லிகைய எந்தலையில வைக்கவா, எம்படத்துக்குப் போடவா?" என்று சிரிப்பாள். விமானத்தில் வந்தால் காலையில் பறித்தது மாலைக்குள் வந்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

எனக்கு மெயின்லேண்டில் ஊர் கிடையாது. அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இறக்கப்பட்டவர். இடையில் இருந்த தமிழ்நாட்டை அவர் ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. எந்த ஊர் என்று கேட்டால் நான் கடலைக் காட்டுவேன். அப்படிப்பட்டவனுக்கு அவள் வாயிலிருந்துதான் ஒரு ஊர் கிடைத்தது. மாவு வாங்கப் போய் நிற்பேன். கிரைண்டர் சுற்றும், வெளியே மழை தகரத்தில் விழும், அவள் கத்திக் கத்தி மாசி வீதிகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். மூக்கில் மீன்துறை நாற்றம், காதில் மல்லிகைச் சந்தை. கண்ணை மூடிக்கொண்டு மதுரையில் நடக்க எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்ன மதுரை பழசு. புதுமண்டபத்துத் தையல்காரர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். "மாத்தட்டும்." தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது, அவள் சொன்ன மாதிரி பையன்கள் கிரிக்கெட் ஆடவில்லை என்று இன்னொருவர். "நிக்கட்டும்." அவள் விசாரணை தொடங்குவது பருத்திப்பாலுக்கு வந்த பிறகுதான்.

"பாத்திரக்கடைத் தெருவுக்குள்ள, சந்துல, தள்ளுவண்டிதானே?"

"ஆமாக்கா."

"நின்னு குடிச்சியா, வாங்கிட்டு வந்துட்டியா?"

"நின்னுதான்."

"எந்தப் பக்கம் பாத்து நின்ன?"

வந்தவர் முழிப்பார். பால் குடிப்பவன் எந்தத் திசை பார்த்தான் என்றா கணக்கு வைத்திருப்பான்?

"எதுத்தாப்புல ஒரு கடை இருக்குமே, பாத்திரத்துல பேர் வெட்டுற கடை. தொறந்திருந்துச்சா? மெஷின் சத்தம் கேட்டுச்சா? உள்ள ஆள் இருந்துச்சா? லைட்டு பளிச்சுன்னு இருந்துச்சா, மங்கலா இருந்துச்சா?"

தெரிந்ததைச் சொல்வார்கள். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி. "சூடா இருந்துச்சா?" ஆமாம் என்றால் போதும். கையை மாவுச் சட்டியில் விட்டுக் கலக்க ஆரம்பித்துவிடுவாள். பேட்டி முடிந்தது என்று அர்த்தம்.

திங்கப் பைத்தியம் என்றார்கள். ஊர்ப் பைத்தியம் என்றார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன், வீடியோ காலில் காட்டுகிறேன் என்று இளவட்டங்கள் சொல்லும். "படம் வேணாம். கண்ணால பாத்து வாயால சொல்லு. படத்தைப் பாத்தா எனக்குக் கால் நிக்காது" என்பாள். கால் நிற்காவிட்டால் போய்விட்டு வர வேண்டியதுதானே. மேஸ்திரி சம்பாதிக்காத சம்பாத்தியமா?

மேஸ்திரி அவளோடு இருந்தவர். ராமநாதபுரத்துப் பக்கம், கொத்தனார். பாராடாங் தீவுப் பக்கம் ரோட்டு வேலை, பாலத்து வேலை என்று பாதி நாள் சைட்டிலேயே கிடப்பார். வந்தால் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை அவர் பார்வையாலேயே இழுத்துக்கொண்டு வருகிறார் என்று அக்கா கேலி செய்வாள். மதுரைப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

இன்னொரு பழக்கம் அவளுக்கு. மாவு வாங்க நாங்கள் கொண்டுபோகும் பாத்திரத்தை முதலில் கவிழ்ப்பாள். அடியிலோ விளிம்பிலோ வெட்டியிருக்கும் பெயரைத் தேடுவாள். கட்டை விரலால் எழுத்தைத் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பாள். என் அம்மாவின் தூக்குவாளியில் மதுரையில் வெட்டிய பெயர் இருந்தது, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. அந்தத் தூக்குக்கு எப்போதும் ஒரு கரண்டி மாவு கூட விழும். "இந்த ளகரம் கோணலா இருக்கு பாரு. வெட்டுனவனுக்கு அன்னைக்கு வீட்டுல சண்டை" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

பக்கத்து வீட்டு தாதா ஆட்டோ ஓட்டுகிறவர், வங்காளி; அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன். அவர் மனைவிக்கு ராமேஸ்வரம் என்றால் உயிர்; கையில் கொஞ்சம் சேர்ந்தால் கிளம்பிவிடுவார்கள், போகிற வழியில் மதுரை. அப்படி ஒருமுறை போய்வந்து, ஏர்போர்ட் பக்கத்து லம்பா லைனில் யாரோ சவாரியை இறக்கிவிட்டு நேராக வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். நானும் தூக்கோடு நின்றிருந்தேன்.

"தீதி, பருத்திபால் குடிச்சாச்சு. பைசா நஹி லியா."

"காசு வாங்கலையா? ஏன், உம்மூஞ்சியப் பாத்துட்டா?"

"அரே சுனோ. எதிர் துக்கான்ல ஒரு லட்கி இருக்கு. அதோட மா மர் கயா, செத்துப்போச்சு. மா பேர்ல அன்னிக்கு எல்லாருக்கும் ஃப்ரீ. அமாவாசை இல்ல, ஆடி அமாவாசை? அதுக்கு."

அக்கா கிரைண்டரை நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள் என்று மறந்தவள் மாதிரி திரும்பவும் போட்டாள்.

"எந்தக் கடை லட்கி?"

"அதான், பேர் வெட்டுற கடை. நீ கேப்பியே தினம்."

"ம். சூடா இருந்துச்சா?"

"கரம் கரம். ரொம்ப சூடு."

அன்று அவள் விற்ற மாவில் உப்பு இல்லை. ஜங்லிகாட் முழுக்க மறுநாள் அதே புகார். ஒரு தெலுங்கு அம்மாள் இட்லியைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டிச் சண்டை போட்டாள். அக்கா தட்டை வாங்கி, உப்பில்லாத அந்த இட்லியைத் தானே நின்று தின்று முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போகிற எல்லாரையும் ஆடி அமாவாசைக்கு அங்கே இருக்கும்படி தள்ள ஆரம்பித்தாள். ஜூன் மாதம் கல்யாணத்துக்குப் போகிறவனிடம்கூட, "ஒரு மாசம் கழிச்சு நடத்தச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

என் அம்மாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்தபோது மதுரைக்குக் கூட்டிப் போக முடிவானது. "ஆடியில போங்க. ஆடியில யாரும் ஆபரேசன் பண்ணிக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரி காலியாக் கெடக்கும்" என்றாள் அக்கா. நம்பிப் போனோம். ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. ஆபரேஷன் முடிந்து அம்மா லாட்ஜில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக்கொண்டு, "நீ போ, அவ சொன்னத குடிச்சிட்டு வா. இல்லாட்டி மாவு தர மாட்டா" என்று என்னை விரட்டினாள்.

தெற்கு வாசல் வழியாகப் போனேன். குளத்துப் படியில் உட்கார்ந்தேன். வழி கேட்காமல் நடந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஊர் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பாத்திரக் கடைகள் நெருக்கியடித்த தெருவில், வெயில் எவர்சில்வர் அடுக்குகளில் பட்டுக் கண்ணைக் குத்த, அந்தச் சந்து சரியாக அவள் சொன்ன இடத்தில் திறந்தது. தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம். சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கும் வாசனை. எதிரே அகலமில்லாத ஒரு கடை. மெஷின் பேனா ஸ்டீலில் இறங்கும் கிர்ர் என்ற சத்தம்.

உள்ளே ஒரு பெண். ஒரு டம்ளரில் எழுத்தை முடித்து, கட்டை விரலால் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

எனக்கு ஜங்லிகாட் வந்துவிட்டது. மழை, தகரம், மாவு வாசனை, எல்லாம் அந்தச் சந்துக்குள். பிறகு சுவரைப் பார்த்தேன். இரண்டு படங்கள், இரண்டிலும் மாலை. ஒன்று முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர். மற்றது இளம்பெண். கன்னம் உப்பி, பூ வைத்து, யாரோ நிமிரச் சொன்னதற்காக நிமிர்ந்திருக்கும் மதுரையக்கா.

"குடிங்கண்ணே. டம்ளரையும் நீங்களே வச்சுக்கங்க" என்றாள் அந்தப் பெண்.

"டம்ளருமா?"

"இந்த வருசத்துலேர்ந்து அப்படி. எனக்கு மகன் பொறந்திருக்கான். அவன் பாட்டி பேருக்கு நல்லதா ஏதாச்சும் செய்வமேன்னு."

டம்ளரில் அந்தப் பெயர் இருந்தது. கீழே, 'நினைவாக'. கை சுட்டது. சுட்டாலும் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அம்மா எப்பம்மா..."

"நெனவே இல்லண்ணே. நடை பழகுற வயசு எனக்கு. மஞ்சக்காமாலைன்னு அப்பா சொல்லுவாரு. அவருக்குத் திதி தெரியும், செஞ்சிர்றோம். அம்மாவுக்குத் தேதி யாருக்கும் சொல்லத் தெரியல. தேதி தெரியாதவங்களுக்கு ஆடி அமாவாசைதானே. பருத்திப்பால்னா அம்மாவுக்கு உசிராம். அது ஒண்ணுதான் அப்பா அவங்களப் பத்தி நல்லதாச் சொன்னது." அடுத்த டம்ளரை எடுத்தாள். "நீங்க எந்த ஊருண்ணே?"

"அந்தமான்."

"அம்மாடி. கடல் தாண்டி. அங்கிட்டு நம்ம சனங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"மருதக்காரங்க?"

 கடையின் பின்பக்கம் ஒரு தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். சுவரில் ஒரு ஆணி காலியாகும். அந்த ஆணியில் அப்புறம் என்ன தொங்கும்?

"ஒருத்தங்க இருக்காங்க" என்றேன்.

"அப்ப அவங்களுக்கும் ஒண்ணு கொண்டு போங்க. ஊர் ஞாபகத்துக்கு." இன்னொரு டம்ளரைத் துடைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வந்த அன்று மழை விட்டிருந்தது. அக்கா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டாள். கறிதோசையைப் பற்றிக்கூடக் கேட்டாள், வழக்கமில்லாமல். பருத்திப்பாலுக்கு வரப் பயந்தாளோ என்னவோ. நான் தாளைப் பிரித்து நீட்டினேன்.

"மதுரைக்காரங்க ஒருத்தங்க அங்க இருக்காங்கன்னு சொன்னேன். அவங்களுக்குன்னு குடுத்துச்சு."

கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வாங்கிக் கட்டை விரலால் தேய்த்து, ஊதி, வெளிச்சத்துக்குத் தூக்கினாள். தன் பெயரைப் படித்தாள். கீழே இருந்த மற்ற வார்த்தையையும் படித்தாள்.

"எழுத்து நேரா வருது. அவ அப்பனுக்குக் கோணிக்கிட்டுப் போகும்" என்றாள். பிறகு, "சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

அப்போதுதான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் கெளம்பி வந்த மறுநாளே எனக்குத் தலைமுழுகிட்டாய்ங்க. பானை ஒடச்சு, படத்துக்கு மால போட்டு, எல்லாம் முறையா. கேள்விப்பட்டேன். கோவத்துல செய்யிறதுதானே, நாளாச்சுன்னா படத்தக் கழட்டிப்புடுவாய்ங்கன்னு நெனச்சேன். புள்ளைட்ட நெசம்னே சொல்லி வளத்துட்டாய்ங்க. அது தாதா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அவரு அடிப்பாராக்கா?"

"இல்ல. அடிச்சிருந்தாச் சொல்லிக்க ஒரு காரணம் இருந்திருக்கும். நல்ல மனுசன்தான். மேஸ்திரி எதுத்த வீட்டுக்குப் பூசு வேலைக்கு வந்தாரு. அம்புட்டுத்தான்." டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். "புள்ள தூங்கிக்கிட்டிருந்துச்சு. முழிச்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"இப்பப் போகலாமேக்கா. நான் கூட வரேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு."

"நல்ல புள்ளன்னுதான் போகல. செத்தவளுக்கு அவ டம்ளர்ல பேரு வெட்டிக் குடுக்குறா. உசுரோட போய் நின்னா எனக்கு என்னத்தக் குடுப்பா? குடுக்கக்கூட வேணாம் தம்பி. அவகிட்ட ஒரு அம்மா இருக்கா. அத நான் போய் எடுத்துக்கிட்டு வரவா?"

 பேரன் பிறந்திருப்பதைச் சொன்னேன்.

"யாரு சாடை?"

"தொட்டில்ல கெடந்தான்கா. கால் மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது."

"கால் எப்படி இருந்துச்சு?"

"தண்டை போட்டிருந்துச்சு. ஒரு கால்ல போட்டத அவனே கழட்டிட்டான் போல."

 பிறகு முகத்தைத் துடைத்து, எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திருகி, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"சூடா இருந்துச்சா?"

"கை சுட்டுச்சுக்கா."

டம்ளர் அலமாரியில் ஏறியது, பெயர் சுவர்ப்பக்கம் திரும்பியபடி. மேஸ்திரி சைட்டுக்குப் போன நாட்களில் அது கீழே இறங்கியிருக்கும். கழுவிக் கவிழ்த்து, ஈரத்தோடு இருக்கும்.

இந்த ஆடியில் தாதாவும் மனைவியும் மறுபடி ராமேஸ்வரம் கிளம்பினார்கள். போகும்போது கப்பல், வரும்போது ஃபிளைட். அமாவாசைக்கு மதுரையில் இருக்கும்படி அக்காதான் நாள் பார்த்துக் கொடுத்தாள். துறைமுகம் வரை ஆட்டோவில் கூடவே போய், கப்பலேறும் வரிசையில் நின்றவரிடம், "எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்?" என்று பரீட்சை வைத்தாள். "துக்கான் பக்கம், தீதி" என்று சரியாகச் சொல்லி அவர் கப்பலேறினார்.

அவர்கள் கரை சேர்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாவுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள், அதுவரை செய்யாதது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மேஸ்திரிக்குப் போன் போட்டோம். பாராடாங் துறையில் படகுக்குக் காத்து நின்றுகொண்டிருந்தார். அவர் இக்கரைக்கு வந்து, காட்டுக்குள் போகும் வண்டி வரிசையில் ஊர்ந்து, ஜங்லிகாட் சேர்ந்தபோது அவளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டிருந்தோம். வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தது. அலமாரிக்குப் போய் அந்த டம்ளரை எடுத்தார். அதில்தான் பால் ஊற்றினார். மூடிய உதட்டில் ஊற்றினால் எங்கே இறங்கும்? கழுத்தில் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

பெயர் என்றைக்கும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததே. அவருக்கும் தெரியும் போலிருக்கிறது, எப்போதோ.

தூக்கப் போகும் நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, மருதையில அந்தப் புள்ளைக்குத் தகவல் சொல்லணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிக்கொண்டார்.

"அதுக்குத்தான் எப்பவோ சொல்லியாச்சே."

தாதாவுக்கும் போன் போட வேண்டாம் என்றார். நேர்ந்துகொண்டு போனவர்கள், முடித்துவிட்டு வரட்டும்.

அமாவாசை வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சந்தில் இந்நேரம் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அந்தப் பெண் டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து நீட்டுவாள். இத்தனை வருஷம் கொடுத்தவளுக்குத் தெரியாமல் பொய்யாக இருந்த ஒன்று, இந்த வருஷம் அவளுக்குத் தெரியாமலே உண்மையாகியிருந்தது. கடற்கரைக்குப் போய் நின்றேன். மழைக்காலக் கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து மேஸ்திரியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ ஒன்று சரிவேறி வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து நேராக. தாதா மனைவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வழக்கம்போல் ரோட்டிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"தீதி, இந்தத் தடவ டம்ளரும் மிலா. அச்சா டம்ளர். லட்கி என்னைப் பாத்ததும் சொல்லுது, போன வருசம் ஒரு அந்தமான் அண்ணன் வந்தாருன்னு..."

கிரைண்டரின் மேல் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்தார். அதற்கு மேலே, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். முகம் கொஞ்சம் கலங்கி, மாலை போட்டு. தாதா கையில் டம்ளரோடு நின்றுவிட்டார். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது.

மேஸ்திரி எழுந்தார். மதுரைப் பேச்சு வந்தால் எழுந்து போகிறவர், போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, படத்துக்கு எதிரே போட்டார்.

"உக்காருங்க தாதா. அவகிட்டச் சொல்ற மாதிரியே சொல்லுங்க."

தாதா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.  மேஸ்திரி, அந்தச் சரிவில் எல்லாருக்கும் மனப்பாடமான, அவர் மட்டும் ஒருநாளும் கேட்டிராத கேள்வியை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சூடா இருந்துச்சா?"

"கரம் கரம்" என்றார் தாதா. "ஏக்தம் கரம், தீதி."